அப்பாவின் காருக்கு வேறு இன்ஜின்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, குட்டி மூன்று பேரும் சளி இருமல் எதுவும் அண்டாமல் நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாங்களும் நன்றாக இருக்கிறோம். இந்த வரியை எப்போதும் ஒரே மூச்சில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன், இன்றைக்குக் கொஞ்சம் நின்று எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் நீ அழுவாய், உன்னைப் பார்த்து நானும் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுபோகும். காகிதத்தில் என்றால் முழுதாகச் சொல்லிவிடலாம்.

அப்பாவுக்கு வலது கை நடுங்குகிறது. போன மழைக்காலத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது, முதலில் கட்டைவிரல் மட்டும், இப்போது மணிக்கட்டு வரைக்கும். நரம்பு டாக்டரிடம் போனோம். உயிருக்குப் பயமில்லை, ஆனால் அடியோடு போகிற நோயும் இல்லை, மாத்திரையில் கட்டுப்படுத்தி வைக்கலாம், கையை மட்டும் சும்மா வைக்காதீர்கள் என்றார். உன்னிடம் சொல்லவே கூடாது என்று என் வாயைக் கட்டிப்போட்டது அப்பாதான். போனில் பேசும்போது கழுத்துக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி உட்காருவாரே, கவனித்திருக்கிறாயா? கை மேஜைக்குக் கீழே இருக்கும். டீயைப் பாதி டம்ளர் ஊற்றினால் போதும் என்பார், சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இதற்கு நடுவில்தான் நம் காரும் படுத்தது. அதுதான், நீ சின்ன வயதில் தவளை என்று பெயர் வைத்தாயே, நீ பிறப்பதற்கு முன்பே கிழமாகிவிட்ட வண்டி. மேட்டில் ஏறும்போது தண்ணீர் வற்றிக் கொதித்து, இன்ஜினின் அடிக்கட்டையே விரிசல் விட்டுவிட்டது. அன்றைக்கு ஷெட்டில் தள்ளி நிறுத்தியதுதான். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமையானால் ஆபீஸ் கணக்கை மறந்துவிட்டு அதன் அடியில் படுத்துக்கிடந்த மனிதர், ஷெட் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. பழைய கார்களை வாங்கிக் காட்சிக்கு வைக்கிற ஒருவரை உன் அண்ணன் பேசி வைத்திருந்தான், "கொடுத்துடலாம்ப்பா, எதுக்கு உங்களுக்கு இந்தத் தொல்லை" என்றான். அப்பா "சரி" என்று சொல்லிவிட்டார். நான் அந்த "சரி"யைக் கேட்டுத்தான் பயந்தேன். மின்விசிறி எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதற்கே என்னோடு மல்லுக்கு நிற்கிறவர் அவர்.

அண்ணன் கிளம்பிய பிறகு நான் கேட்டேன், விரிசல் விட்டதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு இன்ஜின் வைக்க முடியாதா என்று. "வைக்கலாம். யாரு கையால?" என்றார். என் கையை நீட்டி, "இது இருக்கே. நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்" என்றேன். "ஜாக்கெட் தைக்கிற மாதிரின்னு நெனச்சியா?" என்று கேட்டார். நீங்கள் ஒரு ஜாக்கெட் தைத்துவிட்டு அப்புறம் பேசுங்கள் என்றேன். வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் உதட்டோரம் சிரித்தார்.

லேத் பட்டறை வைத்திருப்பவரை நினைவிருக்கிறதா, எதையும் ஆற அமரத்தான் செய்வார் என்பதால் ஊரே 'அவசரம்' என்று கூப்பிடுமே, அவர்தான் பழைய இரும்புக் கடையில் இதே வகைக் காரின் இன்ஜின் ஒன்று கிடப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் உள்ளே துருப்பிடித்து அசையாமல் இறுகிப்போயிருந்தது. ஆனால் கட்டையில் விரிசல் இல்லை. அதைக் கொண்டுவந்து ஷெட்டில் பலகை மேல் ஏற்றி, எண்ணெய் ஊற்றி ஊற வைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பிரித்தது நான், எதைப் பிரிக்க வேண்டும் என்று சொன்னது அவர். எது எந்த இடத்தில் இருந்தது என்று மறந்துபோகாமல் இருக்க, துணி வெட்டும்போது முன்பக்கம் பின்பக்கம் என்று குறிப்பேன் இல்லையா, அதே சாக்கால் எல்லாவற்றிலும் குறித்து வைத்தேன். 'அவசரம்' சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றுகிற கிராங்குத் தண்டைத் தேய்த்து, அதற்குத் தக்க பிஸ்டனும் வரவழைத்துக் கொடுத்தார். மேல் மூடி மட்டும் நம் பழைய இன்ஜினுடையது, அதை அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. வால்வுகளுக்கு மணல் மாதிரி நறநறக்கும் பசை தடவி, ஒரு குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து இப்படியும் அப்படியும் உருட்டித் தேய்க்க வேண்டும். அதை அவரே உட்கார்ந்து செய்தார். "இந்த வேலைக்கு மட்டும் என் கை சொல்லாமலே ஓடுது" என்றார். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை, அவர் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். எண்ணெய் கசியாமல் இடுக்கில் வைக்கிற கேஸ்கெட் தாளை என் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தபோது திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், உனக்குத் தெரியும். இதற்குள் ஒரு வெள்ளைச் சட்டையில் என் கறுப்புக் கைரேகை பதிந்து, தைக்கக் கொடுத்தவரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

எல்லாம் கூடி வருகிற நேரத்தில் ஒருநாள் சிக்கிக்கொண்டது. கிராங்கை உட்கார வைத்து, அதைப் பிடித்துக்கொள்கிற சின்ன மூடிகளைப் போட்டு முறுக்கியதும் சுற்றவே மாட்டேன் என்றது. அப்பா ஸ்பேனரை வாங்கித் தானே தளர்த்தப் போனார், கை நிலைகொள்ளாமல் ஸ்பேனர் நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன், மறுபடியும் விழுந்தது. "போதும். பையன்கிட்ட சொல்லு, வந்து எடுத்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, இன்ஜின் இல்லாத காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் போய்க் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் வீம்பு கூடும். தைத்தது இழுத்துப் பிடித்தால் ஒவ்வொரு தையலாகப் பிரித்துத்தானே பார்ப்போம். அதேபோல ஒவ்வொரு மூடியாகத் தளர்த்தி, கிராங்கைக் கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நடுவில் இருந்ததைத் தளர்த்தியதும் வழுக்கிக்கொண்டு சுற்றியது. கழற்றினால், நான் போட்ட குறி எண்ணெயில் அழிந்துபோய், மூடியை முன்பின் மாற்றிப் போட்டிருக்கிறேன். திருப்பிப் போட்டு முறுக்கி, ஒரு விரலால் சுற்றினேன், சுற்றியது. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. வந்து பக்கத்தில் நின்று தானும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "நான் சொல்லித் தராததை எங்க கத்துக்கிட்ட?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு விற்கிற பேச்சே எடுக்கவில்லை.

நேற்றுக் காலை 'அவசரம்' சங்கிலிக் கப்பியோடு வந்து இன்ஜினைத் தூக்கி உள்ளே இறக்கினார். குழாய், கம்பி எல்லாம் பூட்டி முடித்ததும், சாவியைத் திருப்பும் வேலை எனக்கு. முதலில் இருமியது, அடுத்து ஒரு வெடி வெடித்தது, அப்பா குனிந்து, தீப்பொறியைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரை இடது கையால் கொஞ்சம் திருப்பி, "இப்பப் போடு" என்றார். பிடித்துக்கொண்டது கண்ணு. ஷெட் முழுக்கப் புகை. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்பா வலது கையை இன்ஜின் மூடி மேல் வைத்தார். நெடுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு என் பக்கம் வந்து, ஜன்னலில் குனிந்து, "பிள்ளைக்கு எழுது. கையைப் பத்தியும் எழுது, இதையும் எழுது" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

அண்ணன் சாயங்காலம் வந்தான். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து நான்கு தெரு சுற்றினான், வாங்க இருந்தவரிடம் வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன் என்று அவனாகவே சொன்னான். ஓட்டியது நான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கியர் மாற்று, கியர் மாற்று என்று காதைத் துளைத்தார்.

நீ உடனே லீவு போட்டுவிட்டு ஓடி வராதே, வருகிறபோது நிதானமாக நாலு நாள் இருக்கிற மாதிரி வா. போனில் அவர் கையைப் பார்த்தால் பார்க்காத மாதிரி இருக்காதே, எப்படி இருக்கிறது என்று நேராகவே கேள், அவருக்கு இப்போது அதுதான் சௌகரியம். வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே. குட்டிக்குப் பல் ஆடுகிறது என்றாயே, விழுந்ததா? உங்கள் காரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இரு, இதை மாப்பிள்ளையிடமும் சொல். நீங்கள் மூன்று பேரும் மனசு நிறைந்து, உடம்பு தெம்பாக, பல்லாண்டு இருக்க வேண்டும். கீழே கோணலாக இருப்பது அப்பா எழுதியது. பேனாவை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

பயப்படாதே. வண்டி நிக்கும்போது ஐடிலிங் மட்டும் இன்னும் கொஞ்சம் சரி பண்ணணும். மத்ததெல்லாம் நல்லா இருக்கு.
அப்பா