ரகம் பிரித்துப் படித்த நாவல்

16 ஆகஸ்ட் 1978, புதன்

மலையில் மழை. இங்கே தூறல். ஏலக்காய் பொறுக்கக் கூடத்தில் பாய் விரித்தாயிற்று.

மருமகள் வசந்தா கொடுத்த நாவல். ஒரு வீட்டுச் சண்டை. மாமியார், மருமகள், கணக்குப்பிள்ளை, இன்னும் யார் யாரோ மாறி மாறிச் சொல்கிறார்கள். ஒருவரிடம் பழகுமுன் அடுத்தவர். யாரை நம்புவது?

சாப்பிடும்போது வசந்தாவிடம் சொன்னேன்: "எழுதத் தெரியாத ஆளு எழுதினது."

"முழுசாப் படிச்சிட்டுத் திட்டுங்க அத்தை."

வேறேதோ சொல்ல வாயெடுத்தாள். காய் வேலை கிடக்கிறது என்று எழுந்துவிட்டேன். ஞாயிறு அவள் மேலே மலை எஸ்டேட்டுக்குப் போகிறாள். அதற்குள் முடிப்பேன். நான் படித்த கான்வென்ட்டில் புத்தகத்தைப் பாதியில் மூடினால் முட்டி போட வைப்பார்கள்; அந்தப் பழக்கம்.

17, வியாழன்

வழி கிடைத்தது. பச்சைக் காயும் வெளிறியதும் வெடித்ததும் ஒரே முறத்தில் கிடந்தால் தரம் எப்படித் தெரியும்? ஆள்வாரியாகப் பிரித்தேன். ஆளுக்கொரு நிறத்தில் நூல், பக்க அடையாளத்துக்கு. முதலில் மாமியார் பாகம் மட்டும், ஒரே மூச்சில். நியாயமான மனுஷி.

காய் பொறுக்கும் பேச்சி எட்டிப் பார்த்தாள். "அம்மா பொஸ்தகத்தையும் ரகம் பிரிச்சிட்டாக. வெடிப்பு எம்புட்டுத் தேறுச்சு?"

கூடமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

18, வெள்ளி

சீனி. கண் மருந்து. முறம் ஒன்று மாற்ற வேண்டும்.

கணக்குப்பிள்ளை பாகமும் முடிந்தது. மருமகளைக் கடைசிக்கு ஒதுக்கினேன். இப்படிப் படித்தும் ரசிக்கவில்லை. "கேட்டேன், அவள் பதிலே பேசவில்லை" என்கிறாள் மாமியார். ஏன் பேசவில்லை? மனம் அங்கேயே நின்றது. புரட்டினால், அடுத்த பக்கத்திலேயே மருமகள் சொல்கிறாள்: கேட்டுவிட்டு மாமியார் எழுந்து போய்விட்டாளாம். நான்தான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

19, சனி

நூல்களை உருவிவிட்டேன். முதல் பக்கத்திலிருந்து, அச்சிட்ட வரிசையில். இப்போதும் கஷ்டம்தான். மாமியாரை முழுதாக நம்ப முடியவில்லை, அது எரிச்சல். ஆனாலும் விளக்கை அணைக்க மனமில்லை.

20, ஞாயிறு

வெயில். வாசலில் ஜீப்பு. மகன் ஹாரன் அடிக்கிறான். நாவலில் கால்வாசி பாக்கி.

வசந்தா பையோடு வந்தாள். "எதுவரைக்கும் வந்திருக்கீக அத்தை?"

"முடியல. முடிச்சிருவேன்."

"மேலேருந்து வந்து வாங்கிக்கிறேன். வர்றேன் அத்தை."

மறுபடி ஹாரன். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

"ஜீப்பு நிக்கட்டும். உட்காரு. புதன்கிழமை என்னமோ சொல்ல வந்தியே?"