வசனம் இல்லாதவள்

நேற்று மத்தியானம் தொலைக்காட்சியில் ஒரு பழைய படம். வில்லன் வீட்டில் ஒருத்தி காபித் தட்டை வைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். அவளுக்கு வசனம் ஒன்றும் கிடையாது. நீ இருந்திருந்தால் என் தொடையில் கிள்ளியிருப்பாய்.

தொண்ணூறுகளில், பாளையங்கோட்டைக் கல்லூரியிலிருந்து திரும்பும் வழியில் நாம் பார்த்த படங்களில் கதாநாயகன் உன் கண்ணிலேயே படமாட்டான். அடியாள் ஒருவன் நொண்டி நடந்தால், அவன் காலை உடைத்தது யார் என்று பஸ்ஸில் வீடு வரைக்கும் கதை சொல்லி வருவாய். "ஓரமா நிக்குதவளப் பாருட்டி. அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்பாய்.

என்னைப் பெண் பார்க்க ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்த அன்று, பலகாரம் எடுத்துவைக்க நீயும் எங்கள் டவுண் வீட்டுக்கு வந்திருந்தாய். மாப்பிள்ளைக்கு நல்ல வேலை, மெதுவான பேச்சு. அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. அவனுடைய தாயாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்த பெண் கதவோரமாக உட்கார்ந்திருந்தாள். "தூரத்துச் சொந்தம், வீட்டோட இருக்கா" என்று தாயார் அதோடு முடித்துக்கொண்டார்.

நீ என்னை அடுக்களைக்குள் இழுத்தாய்.

"மாப்பிள்ளை டம்ளர் எடுக்கக் கையை நீட்டுதான். அவ சட்டுனு முகத்த மறைக்கா."

"படம் பாத்துப் பாத்து ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்றேன்.

கை கழுவப் பின்வாசலுக்கு வந்தவளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனாய். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அவருக்கு முன்னாடியே கல்யாணம் ஆச்சா?" என்று பையக் கேட்டாய்.

அவள் கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவினாள். "எங்க அக்காளும் இப்படித்தான் சிரிச்சிக்கிட்டே காபி குடுத்தா."

"அக்கா இப்ப எங்க?"

கூடத்திலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. "ஏளா, கெளம்புவமா?" அதே மெதுவான குரல்தான். அவள் ஈரக்கையைத் துடைக்காமலே ஓடினாள்.

அப்பாவிடம் நீதான் சொன்னாய். அவர் அந்த ஊருக்கே போய் விசாரித்தார். முதல் மனைவி ஆற்றுக்குக் குளிக்கப் போனவள், திரும்பி வரவில்லை என்றார்களாம். மேற்கொண்டு கேட்டபோது அந்தத் தெருவில் யாரும் வாய் திறக்கவில்லையாம். சம்பந்தம் நின்றது. தங்கைக்காரியை எப்படியாவது அங்கிருந்து கூட்டிவர வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். அப்பா மறுபடி போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. அவன் அவளுக்கே தாலி கட்டி, மாற்றல் வாங்கிக்கொண்டு வடக்கே எங்கோ போய்விட்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாய். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய்.

"அவ என்ன ஆனாளோட்டி" என்றாய்.

யார் என்று நான் கேட்கவில்லை.

இப்போதும் கல்யாண வீடுகளில், பக்கத்தில் யாரோ கையை உயர்த்தும்போது ஒரு பெண் சட்டென்று முகத்தைத் திருப்பினால், நான் எழுந்துபோய் அவள் அருகில் உட்கார்ந்துகொள்கிறேன். முதலில் அவள் பெயரைக் கேட்கிறேன்.