எனக்கு ஒதுக்கிய பசு

ராஸ் அல் கைமா

அன்புள்ள ஜெபினா,

நீயும் அம்மாவும் நலமா? இறைச்சி மாடு வளர்ப்புப் பயிற்சியில் நான் தேறிவிட்டதாகப் பண்ணை மேலாளர், காயல்பட்டினத்து யூசுப் பாய், இன்று காலை சொன்னார். தேறியவருக்கு ஒரு சினைப்பசுவைச் சொந்தமாகவே தருகிறார்கள்; அதிலிருந்து நாமே மந்தை பெருக்கலாம். கடவுளுக்கு நன்றி.

சேர்ந்த புதிதில் வீட்டு நினைப்பில் பால் கறக்க உட்கார்ந்து மாட்டிடம் உதை வாங்கினேன். "பால் மாஃபி, கிடையாது தம்பி. அது கன்னுக்குள்ளது. டீ வேணும்னா கடைக்குப் போ" என்று சிரித்த யூசுப் பாய், தானே என் முழங்காலில் தைலம் தேய்த்துவிட்டார்.

நம் வீட்டுப் பசுவை நீ கூப்பிடும் குரலைப் பதிந்து அனுப்பு. இங்குள்ள மாடுகள் என் குரலுக்கு வருவதில்லை.

டியூட்டி வண்டி வந்துவிட்டது. எனக்கு ஒதுக்கிய பசு சினைதானா என்பது இன்னும் உறுதியாகவில்லை. பெருநாள் விடுமுறை முடிந்ததும் மாட்டு டாக்டர் பார்ப்பார். சினை இல்லையென்றால் பசு என் கைக்கு வருவது அடுத்த ஆண்டுதான். ஜெபத்தில் நினைத்துக்கொள்.

லிஜோ