வேணியின் கையில் வேல்

இன்று காலை கப்பல் ஜெட்டிக்குப் போகும் சாலையில் ஒரு மாமரத்தை வெட்டிச் சாய்த்தார்கள், டீச்சர். போன வாரக் காற்றில் பாதி முறிந்து மின்கம்பிமேல் தொங்கிக்கொண்டிருந்த மரம். விழுந்த கிளைகள்மேல் லாரிகள் ஏறி ஏறி, நசுங்கிய மாவிலை வாசனை டிக்கெட் கவுண்டருக்குள் வந்துவிட்டது. போர்ட் பிளேர் கப்பலில் இரண்டு பங்க் படுக்கை கேட்டு நின்ற பெங்காலிப் பெரியவருக்கு டிக்கெட் எழுதாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "க்யா ஹுவா பாபு?" என்று அவர் கேட்டார். என்ன ஆயிற்று என்று அவரிடம் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது.

மூன்று வருஷத்துக்கு முந்தைய கந்த சஷ்டியிலிருந்து தொடங்குகிறேன். வேணிக்கு அப்போது பன்னிரண்டு வயது. பிறந்ததிலிருந்து என் மகளுக்குக் கண் தெரியாது; காது கேட்பதில்லை; கால் நிற்காது. ஊரில் எல்லாரும் சூரசம்ஹாரம் பார்க்கக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் மைதானத்துக்குப் போனேன். என்னை நாலு பேர் நல்ல அப்பா என்று சொல்ல வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. சூரன் தலை விழுந்ததும் வெடிச்சரத்தைக் கொளுத்தினார்கள். அவளுக்குச் சத்தம் கேட்காது, ஆனால் அதிர்வு நெஞ்சில் இடித்திருக்கும். மூக்கில் கந்தகப் புகை. கூட்டம் நெருக்கியது. அவள் என் தோளைக் கடித்தாள். பல் சதைக்குள் இறங்கியது.

கோயிலின் பின்பக்கம் மணலில் அவளைப் போட்டு, பெல்ட்டைக் கழற்றினேன். எத்தனை முறை கை ஓங்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் மனைவி சகுந்தலா ஓடிவந்து அவள்மேல் விழுந்து படுத்தாள். சகுந்தலாவின் முதுகிலும் அடித்தேன். பார்த்தவர்கள் இருந்தார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. அதுவே முதல் தடவையும் அல்ல. வீட்டுக் கதவுக்குள் அதுவரை நடந்தது அன்று வெளியே நடந்தது.

இரண்டு நாள் கழித்து, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக நீங்கள் நடத்திய மையத்தில் வேணிக்குக் கை கழுவிவிடும்போது தழும்புகளைப் பார்த்திருக்கிறீர்கள். அன்று மாலையே என் வாசலில் நின்றீர்கள்.

"இது யாரோட கை?"

"என் வீட்டு விஷயம். போயிடுங்க."

கதவைச் சாத்தினேன். நீங்கள் கதவு நிலையில் கை வைத்திருந்ததைப் பார்த்தேன், பார்த்தபின்தான் ஓங்கிச் சாத்தினேன். அதை போலீசிடம்கூட நான் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். உங்கள் இடது கையில் இரண்டு விரல் முறிந்தது. நீங்கள் கத்தவில்லை. கையை மார்போடு அணைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, "இங்கேருந்து நேரா ஸ்டேஷனுக்குப் போறேன். ஒளிஞ்சு போகல, சொல்லிட்டுப் போறேன்" என்றீர்கள்.

வழக்கு பதிவானது. வேலையில் சஸ்பெண்ட் ஆனேன். சகுந்தலா வேணியைத் தூக்கிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சனிக்கிழமைகளில் மட்டும், உங்கள் மையத்தில், நீங்கள் இருக்கும்போது, சுவரோரம் உட்கார்ந்து மகளைப் பார்க்கலாம் என்று ஏற்பாடானது. தொடக் கூடாது. அந்த மாதங்களில் உங்களை நான் வெறுத்த அளவுக்கு யாரையும் வெறுத்ததில்லை. நீங்கள் ஜெட்டியில் நடந்து போகும்போது பின்னாலிருந்து கடலில் தள்ளுவதாக நினைத்துப் பார்ப்பேன். தண்ணீருக்குள் உங்கள் முகம் எப்படி இருக்கும் என்பதுவரை நினைத்திருக்கிறேன்.

அடுத்த ஐப்பசியில் நீங்கள் பிள்ளைகளுக்கு சூரசம்ஹாரக் கதை சொல்லத் தொடங்கினீர்கள். வேணியோடு இன்னும் மூன்று பேர். அந்த ஆறு நாளும் சுவரோரம் வந்து உட்கார எனக்கும் அனுமதி கொடுத்தீர்கள். யாருக்கும் காதால் மட்டும் கதை போய்ச் சேராது. அதனால் கதையைத் தோலுக்கும் மூக்குக்கும் சொன்னீர்கள். திருச்செந்தூர்க் கடலுக்கு, உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை விசிறி முகத்தில் தெளித்தீர்கள். சிங்கமுகனின் பிடரிக்குத் தேங்காய் நார் மிதியடி. படை வருவதற்கு, பிள்ளைகளைப் பெரிய பிளைவுட் பலகைமேல் உட்காரவைத்து, அதன் ஓரத்தில் முஷ்டியால் குத்துவீர்கள். அதிர்வு முதுகெலும்பில் ஏறும். சூரன் மாமரமாகும்போது மாவிலையைக் கசக்கி மூக்கருகே பிடிப்பீர்கள். படாக் என்கிற நம் தீவுக் கெட்டி மரத்தில் செதுக்கிய ஒரு வேல். முனை மழுங்கல், ஆனால் கனமானது. கடைசியில் மயிலிறகு. ஐந்து நாளும் அதே வரிசை, அதே கதை. பிள்ளை பலகைமேல் உள்ளங்கையை வைத்திருக்கும்வரை கதை ஓடும். கையை எடுத்தால் அங்கேயே நிற்கும். அது உங்கள் சட்டம்.

ஒரு பையனின் அம்மா, இந்தப் பிள்ளைகளுக்கு அடிதடி எதற்கு, பூஜை மட்டும் காட்டினால் போதாதா என்று கேட்டாள்.

"அடிதடி இல்லாத கந்த சஷ்டி ஏது?" என்றீர்கள். "இவங்களுக்கு அடின்னா தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா?"

சுவரோரம் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஐந்தாம் நாள் எல்லாரும் போனபின் என்னிடம் வந்தீர்கள். முறிந்த விரல்கள் கோணலாகவே கூடியிருந்தன.

"நாளைக்கு நீங்க சூரனா உட்காரணும்."

"என்னை வெச்சு வேடிக்கை காட்டப் போறீங்களா?"

"போன வருஷம் கந்த சஷ்டி வேணிக்கு என்னவா இருந்துச்சு, சொல்லுங்க. இடி, புகை, அப்புறம் உங்க பெல்ட். அவளுக்குத் தெரிஞ்ச திருவிழா அவ்வளவுதான். அந்தக் கதைய நீங்கதான சொன்னீங்க? மாத்திச் சொல்ல நீங்க வேணும். உங்க வாசனை அவளுக்குத் தெரியும். சூரன் யாருன்னு நான் சொல்லித்தர வேண்டாம்."

"அடிச்சா?"

"அடிக்கட்டும். நீங்க திருப்பி அடிக்கக் கூடாது, எந்திரிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

சகுந்தலாவுக்குச் சம்மதமில்லை. "அந்த ஆளை எம் பொண்ணு பக்கத்துல விடுவீங்களா?" என்று உங்களிடம் சண்டை போட்டாள். மகளின் கை பலகையில் இருக்கும்வரைதான் என்று நீங்கள் சொன்ன பிறகு, தானும் பக்கத்திலேயே உட்காருவேன் என்று சொல்லி ஒப்புக்கொண்டாள்.

ஆறாம் நாள் வேணிக்கு எதிரே மண்டியிட்டேன். பலகை அதிர்ந்தது. அவள் மூக்கை உயர்த்தி என் பக்கம் திருப்பினாள். உடம்பு அப்படியே இறுகியது. தொண்டையிலிருந்து ஒரு உறுமல் வந்தது. நீங்கள் அவள் வலது கையில் வேலைக் கொடுத்தீர்கள். இடது கை பலகைமேல் இருந்தது.

முதல் அடி காற்றில் போனது. இரண்டாவது என் காதில் விழுந்தது. பிறகு அவள் தவறவே இல்லை. தோள், கழுத்து, நெற்றி. அந்த மெலிந்த கைக்குள் அவ்வளவு பலம் இருந்ததா என்று நான் திகைத்தேன். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. என் கைகள் தாமாக எழுந்தன. அவளைப் பிடித்து நசுக்க வேண்டும் என்ற வெறி எனக்குள் வந்தது, டீச்சர். ஒரு நொடி உண்மையாகவே வந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டேன்.

சகுந்தலா அழுதுகொண்டே, "போதும் டீச்சர், நிறுத்துங்க" என்றாள்.

"அவ கையப் பாருங்க. இன்னும் பலகைலதான் இருக்கு. போதும்னு அவ சொல்லட்டும்."

இன்னும் சில அடிகள். பிறகு வேலைக் கீழே போட்டாள். முன்னால் கைநீட்டி என் முகத்தைத் தடவினாள். ஈரத்தை விரலில் எடுத்து முகர்ந்தாள், நாக்கில் வைத்தாள். நீங்கள் மயிலிறகை அவள் கையருகே கொண்டுபோனீர்கள். அதைத் தட்டிவிட்டு, இடது கையைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"இன்னைக்கு மயில் வராது" என்றீர்கள். "சலோ, எல்லாரும் தண்ணி குடிங்க."

ஆஸ்பத்திரிக்கு நீங்கள்தான் கூட வந்தீர்கள். தையல் போடும்போது கேட்டீர்கள்: "வலிக்குதா?"

"வலிக்குது."

"அடிச்ச கைய நீங்க திருப்பி அடிக்கலன்னு அவளுக்கு இன்னைக்குத் தெரிஞ்சிருக்கு. அவ உங்களை மன்னிச்சுட்டதா கற்பனை பண்ணிக்காதீங்க."

மறு வருஷமும் என்னைச் சூரனாக உட்காரவைத்தீர்கள். ஒரே ஒரு அடி, தோளில். அதன் பிறகு இரண்டு மாதத்தில் உங்கள் வயிற்றில் கட்டி என்றார்கள். மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறினீர்கள். டிக்கெட்டை, வேலையில் திரும்பச் சேர்ந்திருந்த நான்தான் எழுதினேன். திரும்பி வரும் தேதியைக் கேட்டபோது, "அது திறந்தே இருக்கட்டும்" என்றீர்கள். நீங்கள் இறந்துபோன செய்தி சென்னையிலிருந்து சகுந்தலாவுக்குத்தான் போனில் வந்தது.

போன மாதம் கந்த சஷ்டிக்குக் கதையை சகுந்தலா சொன்னாள். நான் மண்டியிட்டேன். வேணி வேலைக் கையில் வாங்கவில்லை. இறகையும் தொடவில்லை. என் தையல் தழும்பைத் தேடி ஒருமுறை தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் கேட்டிருந்தால், அர்த்தம் தேடாதீங்க என்றிருப்பீர்கள்.

இப்போது சகுந்தலா பகலில் என்னை வீட்டுக்குள் விடுகிறாள். நேற்று மதியம் வேணிக்கு மீன்குழம்புச் சோறு பிசைந்து ஊட்டினேன். இரண்டாவது கவளத்தில் என் விரல் அவள் கன்னத்தில் பட்டது. அவள் தோள்களைக் குறுக்கி, தலையை மார்புக்குள் புதைத்துக்கொண்டாள். இன்னும் அப்படித்தான், சில நாட்களில். நான் கையை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுப்படியிலிருந்து சகுந்தலா, "என்னாச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. அவ வரட்டும்."

சோறு ஆறிப்போயிற்று. குழம்பு விரலில் காய்ந்தது. அதற்கப்புறம் அவள் மெல்லத் தலையைத் தூக்கி, வாயைத் திறந்தாள்.