கூரைக் குழாயில் கட்டிய வலை

செவ்வாய்க்கிழமை, இரவு

நாற்றம் போய்விட்டது. சந்தோசத்தில் நித்திரை வரவில்லை.

சுற்றுலா ஆட்களுக்கென்று படுக்கையும் கழிப்பறையும் வைத்துக் கட்டிய எங்கள் வான் வண்டிக்குள் மூன்று நாளாக நிற்கவே முடியவில்லை. முதல் ஆட்கள் நாளைக் காலை வருகிறார்கள். என் புருசன் கழிவுத் தாங்கியை இரண்டு தரம் கழுவினார், குழாய்களைக் கழற்றிப் பூட்டினார். "நீங்க பூட்டினதுதான் பிழை" என்று நான் விடாமல் ஏசினேன்.

இன்று பின்னேரம் வானின் கூரையில் ஏறியவர் அங்கிருந்தே கேட்டார்.

"காத்துக் குழாயில நுளம்பு வலைய ஆரு புள்ள கட்டின?"

"எனக்கென்ன தெரியும்" என்றேன்.

கழிவுத் தாங்கியின் நாற்றம் வெளியே போகக் கூரைவரை ஏற்றிய குழாய் அது. நான்தான் கட்டினேன். டெங்குக்குப் பயந்து, வீட்டுக் கக்கூசுக் குழிக்குக் கட்டுவதுபோல. போன கிழமை ஓட்டிப் பார்க்கக் கிரான் ஊர்ப் பக்கம் போனபோது றோட்டெல்லாம் நெல் காயப்போட்டிருந்தார்கள். அந்தத் தூசி வலையை அடைத்துவிட்டது. நாற்றம் மேலே போக வழியில்லாமல் உள்ளே இறங்கியிருக்கிறது.

வலையை அறுத்து அரை மணித்தியாலத்தில் வானுக்குள் இருந்தே தேத்தண்ணி குடித்தோம். தப்பினேன் என்று நினைத்தேன்.

இப்போதுதான் தலையணையைத் தூக்கினேன். நான் வலையைக் கட்டிய நாடாவை, என் பழைய சிவப்புச் சீலையில் கிழித்ததை, அடியில் கழுவி மடித்து வைத்திருக்கிறார்.