கடைசியாக ஏற்றிய சாமி படம்

என் அன்பு சரவணா, கேட்கிறாயா மச்சான்?

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. ஈப்போ அலுவலகத்தில் உன் நாற்காலி மேல் இப்போது தாள் பெட்டிகள். நாம் இருவரும் எழுதிய நிரல்மொழி நாளை தெலுக் இந்தானில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஓடப்போகிறது. எடைமேடைக்காரர் சூத்திரத்தை எழுதினால் போதும். அதைப் பிரித்து, பைட்கோட் என்ற சிறு கட்டளைகளாக மாற்றி, கணினி கணக்குப் போடும். அறிமுகத் தாளில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

"சரவணன் பேரு எங்க பாஸ்?" என்று கேட்டேன்.

"அவன் கான்ட்ராக்ட் ஆளு. டிகிரியும் இல்ல. ஆலைக்காரன் கேட்டா என்னா சொல்றது லா?"

டிகிரி! நல்ல மதிப்பெண் எடுத்தும் உனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே கைப்பேசியில் படித்தாய். பட்டம் வாங்கிய நான் கழித்தலில் கோட்டை விட்டேன். செம்பனைக் குலையோடு வரும் லாரியின் எடையில் காலி லாரியின் எடையைக் கழிக்க வேண்டும். பைட்கோட் சரியாகவே இருந்தது: முதல் எடையை அடுக்கில் வை, அதன்மேல் காலி எடையை வை, கழி. ஆனால் அடுக்கிலிருந்து முதலில் எடுப்பதே முதல் எண் என்று எழுதிவிட்டேன். வந்த குலை மைனஸ் எட்டு டன்!

மூன்று நாள் தேடினேன். நீ பார்த்ததும் சிரித்தாய்.

"டேய், எங்கள எஸ்டேட்ட விட்டு கெளப்புனப்ப எங்கம்மா சாமி படத்த கடைசியாதான் லாரியில ஏத்த விட்டுச்சு. புது வீட்டுக்குள்ள அதானே முதல்ல போவணும்? கடைசியா ஏறுனது முதல்ல எறங்கும். நீ முதல்ல எறக்குனது காலி லாரி லா, மடையா!"

இரண்டு தலைமுறை ரப்பர் பால் வெட்டிய இடத்திலிருந்து உங்களைத் துரத்தினார்கள். அந்த லாரியில் நீ கற்றதை வைத்து இன்னொரு தோட்டத்து ஆலை எடை போடப்போகிறது. உன் பெயர் மட்டும் அவர்களுக்கு ஆகாதா?

அன்று கூட்டத்தில் பாஸ், "குணாதான் தப்பக் கண்டுபிடிச்சான்" என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் தண்ணீர் குடித்தேன். வெளியே வந்ததும், "தண்ணி நல்லா இருந்துச்சா மச்சான்?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள், அன்றிரவே சிலிம் ரிவர் சாலையில் உன் மோட்டார் சைக்கிளை லாரி அடித்துவிட்டது.

நாளை ஆலையில் நடக்கும் அறிமுக விழாவில் பேச எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். குறிப்பில் கடைசி வரியாக உன் பெயரை எழுதியிருக்கிறேன். பேசும்போது அதைத்தான் முதலில் இறக்குவேன். நான் அழைத்திருக்கும் உன் அம்மா முன்வரிசையில் இருப்பார். வேலை போனால் போகட்டும்.

நாளைக்கு பாஸ் தண்ணீர் குடிக்கட்டும்.

உன் அம்மா இன்னமும் 'சின்னவனே' என்று கூப்பிடும்
உன் மச்சான்,
குணா