பாப்பா கொண்டுவரும் ரத்தம்

செப். 9, செவ்வாய்
பகலெல்லாம் புழுக்கம். சாயங்காலம் தூறல். சரணுக்கு இன்று ரத்தம் ஏற்றிய நாள். என் மகனுக்கு ஆறு வயது, தலசீமியா. மூன்று வாரம் தாங்கும், பிறகு முகம் மறுபடி வெளிறும். நர்ஸ் கேட்பதற்குள் அவனே கையை நீட்டிவிட்டான். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

தொப்புள்கொடி ரத்தம் பிடிக்கும் பெட்டி கூரியரில் வந்தது. என் வயிற்றில் இருப்பதற்கு இந்த நோய் இல்லை, முன்பே பார்த்தாயிற்று. அதன் கொடி ரத்தம் சரணுக்குப் பொருந்தினால், போதுமான அளவு கிடைத்தால், அவன் உடம்பிலேயே நல்ல ரத்தம் ஊறலாம். இரண்டு ‘ஆல்’. நாள் முழுக்க மண்டையில் அதுதான்.

நாத்தனார் கேட்கிறார்: “சரணோட கொடியத்தான் தாயத்துல வெச்சிக்கிறோமே. அத்த உரசிக் குடுத்தா ஆவாதா?” அது காய்ந்த சருகு அண்ணி, பச்சையாக எடுத்து வைத்திருந்தாலும் அதிலும் இதே கோளாறுதான் இருந்திருக்கும் என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டார்.

செப். 10, புதன்
பெட்டியைக் காணோம். வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் பூஜை அலமாரியில். தறியில் புதுப் பாவு நூல் ஏற்றும்போது செய்வது போல, வீட்டுக்காரர் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரமும் காட்டியிருக்கிறார். சந்தனம் சரியாக லேபிள் மேல். “நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன்.” பட்டில் ஓர் இழை அறுந்தால் தெரிகிறது, ‘சூடு படக்கூடாது’ என்று அத்தனை பெரிசாக எழுதியிருப்பது தெரியவில்லை. கத்திவிட்டேன். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து துடைத்தோம். சீல் பிரியவில்லை.

பையில்: நைட்டி 2, பழைய வேட்டித்துணி, ஃபிளாஸ்க், பெட்டி. பெட்டி.

சரண்: “பாப்பா எனக்கு ரத்தம் எடுத்துக்கினு வருதாம்மா?” இவனிடம் யார் சொன்னது?

செப். 12, வெள்ளி
விடியும்போதே பனிக்குடம் உடைந்துவிட்டது. தேதிக்கு இன்னும் ஒரு மாதம். ஆட்டோ வந்துவிட்டது. பெட்டி என் மடியில்.

செப். 13, சனி
பெண். நேற்று மதியம். சின்ன உடம்பு, மூச்சு நன்றாக இருக்கிறது.

இதை எழுதிவிடுகிறேன். டாக்டரம்மா உடனே கொடியை வெட்டவில்லை. “குறைமாசம்மா. கொஞ்சம் ரத்தம் குழந்தைக்குள்ள போகட்டும்.” பாப்பாவுக்கு அதுதான் நல்லது, தெரியும். நான் மனசுக்குள் வெட்டுங்க, வெட்டுங்க என்று சொல்லிக்கொண்டே கிடந்தேன். பெற்றவுடனே பிள்ளை வாயிலிருந்து பிடுங்கப் பார்த்தேன். என்ன அம்மா நான்.

நர்ஸ் ரத்தப் பையைத் தூக்கிப் பார்த்தார். “கம்மியாத்தான் வந்துக்குது கா.”

சாயங்காலம் சரண் வந்தான். பாப்பாவின் தொப்புளில் இருந்த கிளிப்பையே பார்த்தான். அப்புறம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆட்டாத. ஆட்டினாத்தான் வலிக்கும்.” நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செப். 25, வியாழன்
வீட்டில். நல்ல மழை. ரத்தத்தைச் சோதித்த லேபிலிருந்து போன். பொருந்துகிறது, முழுசாக. அவர் தறியை விட்டு எழுந்து வந்து நின்றார். ஆனால் அளவு போதாது.

சரணின் டாக்டருக்குப் போன் போட்டோம். “வீணாகாதும்மா. தங்கச்சி கொஞ்சம் வளரட்டும். அவ இடுப்பெலும்புலேர்ந்து மஜ்ஜை எடுத்து, இதோட சேர்த்துக் குடுத்துடலாம்.”

வீட்டுக்காரருக்குச் சந்தோஷத்தில் அழுகை. நாத்தனார் அர்ச்சனைக்குத் தேங்காய் வாங்கப் போயாயிற்று. இவள் பால் குடித்துக்கொண்டே மடியில் தூங்கிவிட்டாள். இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. அதற்குள் இவளிடம் இரண்டாவது தடவை கேட்கிறோம்.